ரப்பர் புஷ்ஷைக் கழற்றி எறியாதீர்கள்

புது தாரோ பழைய பொலிரோவோ, வாங்கிய கையோடு சிலர் செய்யும் முதல் வேலை கம்பெனி போட்ட ரப்பர் புஷ்களைக் கழற்றுவது. சேற்றில் இறங்குகிற வண்டிக்கு ரப்பர் தாங்காது, முழு எஃகில் ராட் எண்ட் போட்டால் தேயவே தேயாது என்பது பழங்காநத்தம் பட்டறை வாசல் முதல் யூடியூப் வரை ஓடுகிற வேதவாக்கு. ரப்பரைவிட இரும்பு கடினம் என்ற ஒரே சாட்சியை வைத்து எழுதிய தீர்ப்பு இது. ஜாயின்ட்டுக்குள் சேறு நுழைய வழி இருக்கிறதா என்பதை யாரும் விசாரிக்கவில்லை.

ரப்பர் பலவீனம் என்ற பேச்சை முதலில் எடுத்துக்கொள்வோம். ஒரு புஷ்ஷை அறுத்துப் பார்த்தால் வெளியே எஃகு வளையம், உள்ளே எஃகுக் குழாய், நடுவில் இரண்டோடும் சூடேற்றி ஒட்டிய ரப்பர் தெரியும். சஸ்பென்ஷன் ஆர்ம் ஏறி இறங்கும்போது உள்ளே எதுவும் உரசிச் சுழல்வதில்லை. ரப்பரே முறுகிக்கொடுத்து, மறுபடி நேராகிறது. உரசும் பரப்பே இல்லாத இடத்தில் சேறு போய் எதைத் தேய்க்கும்? 2023இல் இந்தியச் சாலைக்கு வந்த ஜிம்னி, முன்னும் பின்னும் ரிஜிட் ஆக்சில் கொண்ட, காடுமேடு ஏறவே கட்டிய வண்டி. அதன் ஆர்ம்களிலும் ரப்பர் புஷ்தான் இருக்கிறது. காசை மிச்சம் பிடிக்க மட்டும் அப்படிச் செய்திருக்க மாட்டார்கள்.

"எனக்கு ஆறு மாசத்துல கிழிஞ்சுதே" என்பவர்கள் உண்டு. பொய் சொல்லவில்லை, ஆனால் குற்றவாளி பெரும்பாலும் ரப்பர் அல்ல, ஸ்பேனர் பிடித்த கை. ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையிலேயே போல்ட்டை முழுசாக இறுக்கிவிடுகிறார்கள். அந்த நிலையிலேயே உள்குழாய் பூட்டிக்கொள்ளும். வண்டியைத் தரையில் இறக்கியதும் புஷ் முறுகிய நிலையிலேயே நிற்கும். சும்மா நிற்கும்போதும் அதற்கு ஓய்வில்லை. குழியில் விழுந்தால் இன்னும் முறுகிக் கிழியும். வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். இந்த ஒரு பழக்கம் மாறினாலே ரப்பரின் மேல் விழுந்த பழியில் பாதி நீங்கும். கீச்சிடுகிறது என்று எஞ்சின் ஆயிலை ஊற்றுவது அடுத்த கொடுமை. எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் ஊதி, மென்மையாகி, ஒட்டு விட்டுப்போகும்.

சரி, இரும்புக்கு வருவோம். ஹெயிம், ரோஸ் என்ற பெயர்களில் அழைக்கப்படும் ராட் எண்ட், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமானங்களின் கட்டுப்பாட்டுக் கம்பிகளுக்காகப் பரவிய பொருள். ஒரு பந்து, அதைச் சுற்றி ஒரு கூடு, நல்ல வகையானால் நடுவில் மெல்லிய டெஃப்லான் லைனர். வானத்தில் சேறு இல்லை. அதனால் மூடியும் இல்லை. அதே பொருளைக் கொண்டுவந்து கண்மாய்க்குள் இறக்குகிறோம்.

நம் பக்கத்துச் சேறும் ஒரே சேறு அல்ல. மேலூர்ப் பக்கம் செம்மண். கருங்கல் சிதைந்து உண்டானதால் அதில் குவார்ட்ஸ் மணல் கலந்திருக்கும். மோஸ் கடினத்தில் குவார்ட்ஸ் 7. பந்தைக் கடினப்படுத்தியிருந்தாலும் லைனர் அதன் முன் நிற்காது. மணலும் தண்ணீரும் கலந்த அந்தக் கூழ், ஒவ்வொரு குலுக்கலுக்கும் உள்ளே அரைத்துக்கொண்டே இருக்கும். சில மழைப் பயணங்களிலேயே 'டக் டக்' சத்தம் ஆரம்பித்துவிடும். திருமங்கலம், கள்ளிக்குடி வட்டாரக் கரிசல் வேறு மாதிரி. அரைப்பது குறைவு, ஒட்டுவது அதிகம். பால் ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் உறையான பூட்டைச் சுற்றி அப்பிக் காய்ந்தால் கல்லாகிவிடும். அடுத்த முறை சக்கரம் திரும்பும்போது பூட் கிழிய வாய்ப்பு அதிகம். செம்மண்ணில் ஓட்டுபவர் பந்தின் ஆட்டத்தையும் கரிசலில் ஓட்டுபவர் பூட்டையும் முதலில் பார்ப்பது நல்லது.

"கிரீஸ் அடிச்சா சரியாப் போகும்" என்பது அடுத்த வாதம். லைனர் வைத்த ராட் எண்டுக்குக் கிரீஸ் தேவையே இல்லை; மேலே தடவினால் மண்ணைப் பிடித்துவைக்கும் பசையாகிறது. நிப்பிள் உள்ள ஜாயின்ட்டில் கிரீஸ் பயன்படும், ஆனால் பழைய கிரீஸ் சேற்றோடு வெளியே பிதுங்கும் வரை கிரீஸ் கன்னை அழுத்த வேண்டும். அதுவும் தண்ணீரில் இறங்கிய ஒவ்வொரு தடவையும். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை கிரீஸ் அடிப்பவருக்கு நிப்பிள் வெறும் அலங்காரம்.

பாலியூரித்தேன் புஷ் இரட்டிப்பு ஆயுள் தரும் என்பதில் கால்வாசி உண்மை. எண்ணெய்க்கு அது அசையாது, பட்டை ஸ்பிரிங்கின் ஷேக்கிளில் நன்றாகவே உழைக்கும். ஆனால் பெரும்பாலும் அது குழாயோடு ஒட்டாமல் அதன் மேல் சுழல்வது. அந்த இடுக்கில் மண் புகும். ரிஜிட் ஆக்சில் ஒரு பக்கம் தூக்கும்போது ஆர்ம் பக்கவாட்டிலும் முறுகும். ரப்பர் அதற்கு வளைந்துகொடுக்கும், பாலி அடம்பிடிக்கும். அந்த அடம் பிராக்கெட் வெல்டிங்கில் விரிசலாக வெளிப்படலாம்.

எதிர்த்தரப்பில் நியாயமான வாதம் ஒன்று உண்டு. சஸ்பென்ஷனை உயர்த்தி, சக்கரம் வெகுதூரம் ஏறி இறங்கும்படி மாற்றிய போட்டி வண்டிக்கு ரப்பரின் முறுகல் போதாது. அங்கும் மொட்டை ராட் எண்ட் தேவையில்லை. பந்தைச் சுற்றிப் பாலி கிண்ணம், கிரீஸ் நிப்பிள், பிரித்து உள்பாகம் மாற்றும் வசதி என்று ஜானி ஜாயின்ட் வகை வந்துவிட்டது. ராட் எண்ட்தான் வேண்டும் என்பவர், போட்டிக்காரர்களைப் போல அதை டயர் மாதிரி தேய்ந்து போகும் பொருளாகக் கணக்கில் எழுதிக்கொள்ளட்டும். ஆயுளுக்கும் உழைக்கும் என்று வாங்கக் கூடாது.

வாட்டர் சர்வீஸில் விட்டால் எல்லாம் கழுவிப்போகும் என்ற நம்பிக்கைக்கு ஒரு வரி போதும்: பூட் விளிம்பில் நேராக அடிக்கும் பிரஷர் தண்ணீர், வெளியே இருந்த சேற்றை உள்ளே தள்ளும்.

வாரம் ஆறு நாள் பைபாஸ் ரோட்டில் ஓடி, ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துச் சேற்றில் இறங்குகிற வண்டிக்குக் கம்பெனி ரப்பர் புஷ்ஷே சரியான பொருள். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், ஜாயின்ட் எத்தனை டன் தாங்கும் என்பதைக் கடைசியில் கேளுங்கள். பூட்டும் உள்பாகமும் தனியாகக் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். கிடைக்காது என்று கடைக்காரர் சொன்னால் அதை வாங்க வேண்டாம்.