குடும்பக் காரும் பிரேக்குக் குழாயும்

திருச்சிராப்பள்ளி புகைவண்டித் தொழிலாற் பெயர்பெற்ற நகரம். நாகப்பட்டினத்திலிருந்த பெரும் பட்டறை 1928-ஆம் ஆண்டில் பொன்மலைக்கு மாற்றப்பட்டது முதல், சக்கரத்தையும் பிரேக்கையும் அறிந்த கைகள் நம் ஊரில் குறைந்ததில்லை. திருச்சிச் சந்திப்பில் நிற்கும் தொடர்வண்டி ஒன்றை உற்று நோக்குவோமாயின், பெட்டிக்கும் பெட்டிக்கும் இடையே ரப்பர்க் குழாய்கள் தொங்குவதைக் காணலாம். பிரேக்குக்கு வேண்டிய காற்று அவற்றின் வழியே செல்கிறது. பயணம் தொடங்கும் நிலையத்தில் பிரேக்குச் சோதிக்கப்பட்டு, அது நன்னிலையில் உளது என்னும் சான்று எழுதப்பெற்ற பின்னரே வண்டி புறப்படும். இத்தனைக்கும், அக்குழாய்களுள் ஒன்று வெடிக்குமாயின், காற்று இறங்கப் பிரேக்குகள் தாமே பற்றி வண்டியை நிறுத்திவிடும். 1872-ல் வெஸ்டிங்ஹவுஸ் என்பார் கண்ட முறை அது.

நம் வீட்டுக் காரின் நிலையோ இதற்கு நேர்மாறானது. காரின் பிரேக்கு காற்றால் அன்று, திரவத்தால் இயங்குவது. மிதியை அழுத்த, அவ்வழுத்தம் உலோகக் குழாய்களின் வழியே சக்கரங்களை நோக்கிச் செல்கிறது. சக்கரங்கள் மேடுபள்ளங்களில் ஏறி இறங்குவன. முன்சக்கரங்கள் இருபுறமும் திரும்புவன. ஆதலின் கடைசிச் சிறு தூரத்திற்கு உலோகம் உதவாது. ஏறத்தாழ ஒரு முழ நீளமுள்ள வளையும் ரப்பர்க் குழாயே அங்கு வேண்டப்படுகிறது. அது வெடித்தால் திரவம் வெளியேறும். பிரேக்கு பற்றாது, கைவிடும். இக்காலக் கார்களில் பிரேக்கு இரு கூறாக வகுக்கப்பட்டிருத்தலின் ஒரு கூறு எஞ்சும் என்பது மெய்யே. எனினும் மிதி ஆழ இறங்கும். வண்டி நிற்பதற்கு வேண்டிய தூரமும் மிக நீளும்.

வெடித்தால் வண்டியை நிறுத்தும் குழாய்க்கு அத்துணைச் சோதனை. வெடித்தால் வண்டியை நிறுத்தவொட்டாத குழாய்க்கு யாது சோதனை? 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பஸ்ஸும் வாடகைக் காரும் இடையிடையே தகுதிச் சான்று பெற்றாக வேண்டும். குடும்பக் காருக்கு அப்பதினைந்து ஆண்டுகளும் அக்கட்டாயம் இல்லை. ஆகவே அதன் சோதனை அதிகாரி வீட்டுக்காரரே என்பது எமது துணிபு.

இதற்கு மறுமொழியாக நம்மவர் கூறுவன மூன்று. 'வண்டி அதிகம் ஓடவில்லையே' என்பது முதலாவது. திருவரங்கத்து வீதிகளில், கலியாணத்திற்கும் உறவினரை அழைத்துவரவும் மட்டுமே வெளிப்படும் கார்கள் பல உள. ஆனால் ரப்பர் கிலோமீட்டரை மட்டும் எண்ணுவதில்லை, ஆண்டையும் எண்ணுகிறது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் நின்ற காரிலும் ரப்பர் இறுகும், வெடிக்கும். பிரேக்குத் திரவமும் நாளடைவில் ஈரத்தை உறிஞ்சிக் கெடும். 'எச்சரிக்கை விளக்கு எரியுமே' என்பது இரண்டாவது. திரவம் குறைந்த பின்னரே அவ்விளக்கு எரியும். குழாயின் வெடிப்பையும் வீக்கத்தையும் அது அறியாது. 'மெக்கானிக் பார்த்துக்கொள்வார்' என்பது மூன்றாவது. சொன்னதைப் பார்ப்பவரே பலர்; ஆதலின் குழாயைப் பெயர் சொல்லிப் பார்க்கச் சொல்லுதல் நம் கடமை.

பார்க்கும் வகையும் அரிதன்று. வண்டியைச் சமதரையில் நிறுத்திக் கைப்பிரேக்கிட்டு, ஸ்டியரிங்கை ஒருபுறம் முழுதும் திருப்பினால், முன்சக்கரத்தின் பின்னே குழாய் தெரியும். டார்ச்சு விளக்கால் நோக்கி, மெல்ல வளைத்து, வெடிப்பு உண்டோ, முனைகளில் ஈரம் உண்டோ, டயர் உராய்ந்த தடம் உண்டோ எனக் காண்க. பின்னர் இஞ்சின் ஓட ஒருவர் மிதியை அழுத்திப் பிடிக்க, மற்றொருவர் குழாய் வீங்குகிறதா என நோக்குக. பின்சக்கரங்களுக்கும் இவ்வாறே. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் கீழ் எவரும் புகுதலாகாது. கண்ணுக்குப் புலனாகாத குற்றமும் ஒன்றுண்டு: குழாய் உட்புறம் சிதைந்து அடைபடின், மிதியை விட்ட பின்னும் பிரேக்கு பற்றியே நிற்கும், சக்கரம் சுடும், வண்டி ஒருபுறம் இழுக்கும்.

இவற்றுள் ஒன்று காணப்படினும் குழாயை மாற்றுதலே முறை, ஒட்டுப்போடுதல் ஆகாது. மாற்றும் வேலை பழகிய கைகளுக்கே உரியது. எனினும், எதைக் கேட்டுப் பெறுவது என்பதை நாம் அறிந்திருத்தல் வேண்டும். வலமும் இடமும் சேர்த்தே மாற்றுக. அந்தக் காருக்கென்றே செய்த குழாயும், செம்பு வாஷர் உள்ள இடத்தில் புதிய வாஷரும் வேண்டும். குழாய் முறுகியிருத்தல் கூடாது. வெளிவந்த பழந்திரவத்தை மீண்டும் ஊற்றலாகாது. இஞ்சின் எண்ணெய் ஒரு துளி கலப்பினும் ரப்பர் பாழாகும். உட்புகுந்த காற்றை முற்றும் வெளியேற்றி, மிதி உறுதிப்பட்ட பின், ஆளற்ற இடத்தில் மெல்ல ஓட்டிப் பார்த்தே சாலைக்கு வருக.

1976-ல் திறக்கப்பெற்ற காவிரிப் பாலத்தின் இணைப்புகள் பழுதுற்றபோது, 2022-23-ல் அதனை மாதக்கணக்கில் மூடிச் செப்பனிட்டனர். இரு கரையாரும் பொறுத்தனர். அப்பாலத்தைக் கடந்து ஓடும் காரின் குழாயைப் பார்க்கக் கால் மணி நேரம் போதும். வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்திடையே குறுக்கே ஓடும் குழந்தைக்கும் நம் வண்டிக்கும் இடையே நிற்பது அந்த ஒரு முழ ரப்பரே அன்றோ?

மாணவ நண்பர்களே, திரவத்தின் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாய்ப் பரவும் என்னும் பாஸ்கலின் விதியை நீவிர் வகுப்பில் கற்கின்றீர். அவ்விதி உங்கள் வீட்டு வாயிலிலே நிற்கிறது. இவ்விடுமுறையில் தந்தையாரை உடன் அழைத்து ஒருமுறை குனிந்து பாருங்கள். கற்ற கல்வி வீட்டாரைக் காக்குமாயின், அதனினும் சிறந்த தேர்ச்சி வேறில்லை.