எண்ணப்படாத உம்மாக்கள்

உம்மாவின் காலில் பட்ட சிறு காயம் மூன்று வாரமாகியும் ஆறவில்லை. "எனக்கென்ன வருத்தம்? நல்லாத்தானே இருக்கிறன்" என்றார். வற்புறுத்தி இரத்தம் சோதித்தபோது சீனி வருத்தம் என்றார்கள். அது எப்போது வந்தது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

2005–2006இல் நடந்த இலங்கை நீரிழிவு, இருதய நோய் ஆய்வில், 20 வயதுக்கு மேற்பட்டோரில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. அவர்களில் மூன்றிலொரு பங்கினருக்கு, சோதிக்கும்வரை அது இருப்பதே தெரிந்திருக்கவில்லை. யுத்தம் காரணமாக வடக்கும் கிழக்கும் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தினர் இங்கும் ஆய்வு செய்தார்கள். அன்று நாட்டின் கணக்கில் எங்கள் ஊரை விடவைத்தது யுத்தம். இன்று வீட்டின் கணக்கில் உம்மாவை விடுவது யார்? நாங்கள்தான்.

என் சராசரிப் புள்ளியைத் தசமத்தோடு சொல்லும் உம்மாவுக்குத் தன் இரத்தத்தின் சீனி அளவு தெரியாது. நோன்பு திறக்க ரோல்ஸும் சமோசாவும் பொரிப்பவர் அவர். எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை உண்பவரும் அவரே. பின்னேரம் வீதியில் நடந்தால், "எங்கே போகிறீர்கள்?" என்று நாலு பேர் கேட்பார்கள். இந்த நிலையில் "சாப்பாட்டைக் குறையுங்கள், நடவுங்கள்" என்று உம்மாக்களுக்கு மட்டும் உபதேசிப்பது நியாயமல்ல. பொரியல் வேண்டாமென்று வாப்பா சொல்ல வேண்டும். மகள் கூடவே நடக்க வேண்டும்.

35 வயதைக் கடந்தோரை அரச ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில் இலவசமாகச் சோதிக்கிறார்கள். தோழியரே, அடுத்த தவணைத் தேர்ச்சி அறிக்கையில் கையொப்பம் வாங்கும்போது, உம்மாவின் இரத்தப் பரிசோதனை அறிக்கையையும் கேளுங்கள்.