குரல் போன பிறகு

போன மாதம் ஒன்பது நாள் எனக்குக் குரல் இல்லை. காலையில் எழுந்து அம்மாவுக்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. புகைமூட்டமா, ஐஸ் மைலோவா, இரண்டு வாரம் விடாமல் செய்த சிறப்பு நிகழ்ச்சியா என்று வீட்டில் ஒரு பட்டிமன்றமே நடந்தது. தொண்டை மருத்துவர் மூக்கு வழியாகச் சின்னக் கேமராவை விட்டுப் பார்த்துவிட்டு, குரல் நாண்கள் வீங்கியிருக்கின்றன என்றார். பேசக்கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது, அது இன்னும் கெடுதலாம். பத்து நாள் எம்.சி. எழுதிக் கொடுத்தார்.

வானொலி அறிவிப்பாளருக்குக் குரல் போவது லோரி ஓட்டுநருக்கு லைசன்ஸ் போவது மாதிரி. என் நிகழ்ச்சியை வேறொருவர் நடத்தினார். நன்றாகவே நடத்தினார், அதுதான் பிரச்சினை! முதல் இரண்டு நாள் நேயர்கள் என்னைக் கேட்டார்கள். மூன்றாம் நாள் யாரும் கேட்கவில்லை.

பேச முடியாதவள் என்ன செய்வாள்? பாட்டுக் கேட்டேன். அந்த ஒன்பது நாளில் நான் அதிகம் கேட்டது ஒரே ஒருவரைத்தான். ஃபிராங்கி மில்லர். ஸ்காட்லாந்துக்காரர். பெயரைக் கேள்விப்படாதவர்கள் வருந்த வேண்டாம், பிரிட்டனுக்கு வெளியே அவரைத் தெரிந்தவர்கள் குறைவுதான்.

எனக்குத் தெரிந்ததே ஒரு வகுப்பில்தான். கல்லூரியில் ஊடகம் படித்தபோது விரிவுரையாளர் ஒருவர் பெயர் சொல்லாமல் ஒரு பாட்டைப் போட்டு, "பாடுகிறவர் எந்த ஊர்?" என்று கேட்டார். அமெரிக்கத் தென்மாநிலம், கறுப்பினத்தவர், ஐம்பது வயதிருக்கும் என்றோம். அவர் சிரித்தார். பாடியவர் கிளாஸ்கோ நகரத்து வெள்ளைக்காரர், பாடும்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. அந்த ஆண்டு பாடத்தில் நான் மறக்காதது இது ஒன்றுதான்.

கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதியில் பிரிட்ஜ்டன் என்று ஒரு தொழிலாளர் வட்டாரம். 1949 நவம்பரில் அங்கே பிறந்தவர் ஃபிராங்கி மில்லர். அம்மாவின் இசைத்தட்டுகளில் ரே சார்ல்ஸ் இருந்தார். அக்காமார் லிட்டில் ரிச்சர்டும் எல்விஸும் கேட்பார்கள். அப்பா அம்மா ஒரு கிட்டார் வாங்கித் தந்தார்கள். பள்ளிப் பருவத்திலேயே பாட்டு எழுத ஆரம்பித்துவிட்டார். சிறு வயதில் எழுதிய ஒரு பாட்டு 'ஐ கான்ட் சேஞ்ஜ் இட்'. அதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருவேன்.

1970-களின் தொடக்கத்தில் லண்டனுக்குப் போனார். கிட்டார் கலைஞர் ராபின் டிரவரோடு 'ஜூட்' என்ற குழுவில் சேர்ந்தார். அது ஓர் இசைத்தட்டுகூட வெளியிடாமல் கலைந்தது. 1973இல் பிரின்ஸ்லி ஷ்வார்ட்ஸ் குழு பக்கவாத்தியம் வாசிக்க, முதல் தனி ஆல்பம் வந்தது. விற்பனை சுமார். ஆனால் அந்தக் குரலைக் கேட்டவர்கள் சும்மா இருக்கவில்லை. நியூ ஆர்லியன்ஸின் பெரிய இசையமைப்பாளர் ஆலன் டூசாண்ட் அடுத்த ஆல்பமான 'ஹை லைஃப்'பைத் தயாரித்தார். தின் லிஸி குழுவின் ஃபில் லைனட் 1974இல் தன் காதல் பாட்டு ஒன்றில் கூடப் பாட அவரை அழைத்தார். 'ஸ்டில் இன் லவ் வித் யூ' என்ற அந்தப் பாட்டில் கிட்டார் வாசித்தவர் கேரி மூர்.

குரல் எப்படிப்பட்டது என்று எழுத்தில் சொல்வது கடினம். மணல் காகிதத்தை மரத்தில் தேய்ப்பது போல என்று ஆங்கிலப் பத்திரிகைகள் எழுதும். எனக்கு அது பொருத்தமாகப் படவில்லை. தேய்ப்பதில் வலி இருக்காது. நன்றாக அழுது முடித்துவிட்டு, அதை யாருக்கும் காட்டாமல் சாதாரணமாகப் பேச முயல்கிறவரின் தொண்டை அது. ஓடிஸ் ரெடிங்கைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு உடனே புரியும். ராட் ஸ்டூவர்ட் குரல் மாதிரி இருக்கிறதே என்றும் தோன்றும். ராட் ஸ்டூவர்ட்டே அவருடைய பெரிய ரசிகர்.

இனி என்னை உறுத்திய விஷயத்துக்கு வருகிறேன்.

ஃபிராங்கி மில்லரைப் பொதுமக்களுக்குத் தெரிந்தது இரண்டு பாட்டுகளால். ஒன்று 1978இல் வந்த 'டார்லின்', பிரிட்டன் பட்டியலில் ஆறாம் இடம். இன்னொன்று 'கேலடோனியா'. ஸ்காட்லாந்தின் பீர் விளம்பரம் ஒன்றில் அவர் குரலில் ஒலித்து, 1992இல் இசைத்தட்டாக வந்தது. லண்டனில் வேலை பார்க்கும் ஓர் இளைஞன் அலுத்துப்போய் ஊருக்கே திரும்பிவிடுவதுதான் விளம்பரக் கதை. ஊரைவிட்டு வந்தவர்கள் அதைக் கேட்டு உருகினார்கள். இரண்டும் அவர் எழுதியவை அல்ல. 'கேலடோனியா' டுகி மெக்லீன் என்ற நாட்டுப்புறப் பாடகர் எழுதியது. 'டார்லின்' வேறொருவர் எழுதி, முதலில் வேறொரு குழு பாடியது.

அவர் எழுதியவை எங்கே போயின? நான் மனத்தில் வைக்கச் சொன்ன அந்தச் சிறுவயதுப் பாட்டை 1980இல் ரே சார்ல்ஸ் தன் ஆல்பத்தில் பாடினார். அம்மாவின் இசைத்தட்டில் கேட்ட அதே ரே சார்ல்ஸ்! அமெரிக்காவின் பாப் சீகர் 1978இல் அவருடைய 'எய்ன்ட் காட் நோ மணி'யைப் பாடினார். 'பெட்டி டேவிஸ் ஐஸ்' பாட்டை நம் வீட்டுப் பெரியவர்களில் சிலர்கூட முணுமுணுப்பார்கள். கிம் கார்ன்ஸின் அந்த 1981 ஆல்பத்தில் 'வென் ஐ'ம் அவே ஃப்ரம் யூ' என்றொரு பாட்டு இருக்கிறது. எழுதியவர் ஃபிராங்கி மில்லர். இரண்டு ஆண்டு கழித்து அதையே பெல்லமி பிரதர்ஸ் பாடி, அமெரிக்க கண்ட்ரி இசைப் பட்டியலில் முதலிடம் பிடித்தார்கள். கிளாஸ்கோ தொழிலாளர் வீட்டுப் பையன் எழுதிய பாட்டு டெக்சஸ் லோரிகளில் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டியவர்களில் எத்தனை பேருக்கு எழுதியவர் பெயர் தெரியும்?

'ஹை லைஃப்' ஆல்பத்துக்கும் இதே கதிதான், தலைகீழாக. டூசாண்ட் எழுதிய 'பிரிக்யார்ட் ப்ளூஸ்' அதில் பிரமாதமாக இருக்கும். அதே பாட்டை அதே ஆண்டு திரீ டாக் நைட் குழு பெயரை மாற்றிப் பாடி, அமெரிக்காவின் முதல் நாற்பதுக்குள் கொண்டுபோய்விட்டது. ஃபிராங்கியின் பதிப்பு அங்கேயே நின்றது. எனக்கு இரண்டையும் கேட்டால் சந்தேகமே வரவில்லை, ஃபிராங்கிதான். ஆனால் பட்டியலுக்குக் காது கிடையாதே.

இதைப் படித்து எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. பன்னிரண்டு ஆண்டாக மைக் முன்னால் உட்கார்கிறேன். படத்தின் பெயர் சொல்வேன், நடிகர் பெயர் சொல்வேன், இசையமைப்பாளர், பாடகர் சொல்வேன். பாட்டை எழுதியவர் பெயர்? நேரம் இருந்தால். நேரம் இருக்காது.

நடிப்பும் உண்டு. 1979இல் பிபிசியின் 'ஜஸ்ட் எ பாய்ஸ் கேம்' என்ற தொலைக்காட்சி நாடகத்தில், கிரீனாக் துறைமுக ஊரின் முரட்டு மனிதன் ஒருவனாக நடித்தார். எழுதியவர் பீட்டர் மெக்டுகல். கதாநாயகனுக்குப் பேச்சு மிகக் குறைவு. பாடகரை அழைத்து வந்து வாயைக் கட்டிப்போட்டிருக்கிறார்களே என்று பார்க்கும்போது நினைத்தேன். பிறகு நடந்ததை நினைத்தால் அந்த மௌனம் வேறு மாதிரி தெரிகிறது.

1994 ஆகஸ்டில் அவர் நியூயார்க்கில் இருந்தார். ஈகிள்ஸ் குழுவின் ஜோ வால்ஷ், பியானோ கலைஞர் நிக்கி ஹாப்கின்ஸ் ஆகியோரோடு ஒரு புதிய குழு. அதற்குப் பாட்டு எழுதிக்கொண்டிருந்தபோது மூளையில் பெரிய ரத்தக்கசிவு. வயது 44. ஐந்து மாதம் நினைவில்லை. கண் விழித்தபோது நடக்கத் தெரியவில்லை, பேசத் தெரியவில்லை. இரண்டையும் குழந்தைபோல் முதலிலிருந்து கற்க வேண்டியிருந்தது. பாட்டு திரும்பவில்லை. அந்தச் சில வாரத்திலேயே நிக்கி ஹாப்கின்ஸ் இறந்துபோனார். அந்தக் குழு பிறக்கவேயில்லை.

என் வீக்கம் எங்கே, இது எங்கே! எனக்குச் சொல்ல வேண்டிய வார்த்தை தலைக்குள் இருந்தது, தொண்டைதான் வேலைநிறுத்தம். ஃபோனில் தட்டிக் காட்டினால் அம்மா படித்துக்கொள்வார். அவருக்கோ வார்த்தை பிறக்கும் இடத்திலேயே அடி. உடனிருந்து பார்த்துக்கொண்டவர் அவருடைய துணைவி அனெட். எத்தனை ஆண்டுகள் என்று எண்ணிப் பார்த்தால் முப்பதைத் தாண்டுகிறது.

ஆனாலும் அவர் எழுதினார். உடற்குறை உள்ளவர்கள் இசையமைக்கக் கருவிகளும் பயிற்சியும் தரும் டிரேக் மியூசிக் என்ற அமைப்பின் உதவியோடு, நோய்க்குப் பிறகு முதல் முறையாக ஒரு பாட்டு அமைத்தார். வரிகளில் துணைநின்றவர் வில் ஜென்னிங்ஸ், 'டைட்டானிக்' படத்தின் 'மை ஹார்ட் வில் கோ ஆன்' பாட்டை எழுதியவர். பாட்டின் பெயர் 'சன் கோஸ் அப், சன் கோஸ் டவுன்'. சூரியன் எழுகிறது, சாய்கிறது. அவ்வளவுதான் தலைப்பு. படுக்கையிலிருந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு வேறென்ன தலைப்பு வேண்டும்?

நான் ஒன்பது நாளும் கேட்டது 2016இல் வந்த 'டபுள் டேக்' ஆல்பத்தை. அதன் கதை இப்படி. ஃபிராங்கியின் வெளிவராத பாட்டு ஏதும் இருக்கிறதா என்று ராட் ஸ்டூவர்ட் விசாரித்தார். அனெட் ஒரு பை நிறைய டெமோ பதிவுகளை எடுத்துக் கொடுத்தார். டெமோ என்றால் தெரியுமல்லவா, பாட்டு இப்படித்தான் போகும் என்று மற்றவர்களுக்குக் காட்டச் சும்மா பாடி வைப்பது. தயாரிப்பாளர் டேவிட் மெக்கே அந்தக் குரலை எடுத்து, சுற்றிப் புதிய இசை சேர்த்தார். எல்டன் ஜான், வில்லி நெல்சன், போனி டைலர், ராட் ஸ்டூவர்ட், ஜோ வால்ஷ் என்று ஆளுக்கொரு பாட்டில் கூடப் பாடினார்கள். கிம் கார்ன்ஸும் வந்தார், முப்பத்தைந்து ஆண்டுக்கு முன் இவருடைய பாட்டை எடுத்துக்கொண்டவர்.

எல்லாப் பாட்டும் பிரமாதம் என்று சொல்லமாட்டேன். சில இடங்களில் இசை அளவுக்கு மீறிப் பளபளக்கிறது, விருந்தாளிகள் கூட்டத்தில் வீட்டுக்காரரைத் தேட வேண்டியிருக்கிறது. வில்லி நெல்சன் மட்டும் ஒதுங்கி நின்று பாடுகிறார், பெரியவர்களுக்கே வரும் பண்பு அது. ஆனால் எந்தப் பாட்டானாலும் ஃபிராங்கி வாய் திறக்கும் இடத்தில் நான் கையிலிருந்ததை வைத்துவிட்டேன். இதுதான் கடைசி என்று தெரியாமல் பாடிய குரல். யாருக்கோ கொடுக்கப் போகிற பாட்டு, சரியாக வந்தால் போதும் என்ற அலட்சியம்கூட அதில் கேட்கிறது. அந்த அலட்சியம்தான் தாங்க முடியவில்லை.

ஐந்தாம் நாள் எங்கள் நிலையத்திலிருந்து ஒரு தம்பி நலம் விசாரித்துச் செய்தி அனுப்பினான். "அக்கா, உங்க பழைய ரெக்கார்டிங் நிறைய இருக்கே. ஏஐ-க்கிட்ட கொடுத்தா உங்க குரல்லயே பேசிடும். நீங்க நிம்மதியா ரெஸ்ட் எடுங்க." நல்ல மனதோடுதான் சொன்னான். சிரிக்கும் முகம் ஒன்றை அனுப்பிவிட்டு, கொஞ்ச நேரம் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'டபுள் டேக்'கும் அதுவும் ஒன்றா? பழைய குரல், புதிய இசை, பாடியவர் வாய் திறக்கவில்லை. மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றுதான். ஆனால் அந்த ஆல்பத்தில் ஒவ்வொரு சொல்லையும் ஒருநாள் ஃபிராங்கி மில்லர் மூச்சு இழுத்துப் பாடியிருக்கிறார். அவர் சொல்லாத எதையும் அவர் குரல் அங்கே சொல்லவில்லை. கொடுத்தது அவர் வீடு, கேட்டுக்கொண்டு அவரும் இருந்தார். என் குரல் மட்டும் நான் நினைக்காததைப் பேசிக்கொண்டு காலை ஆறு மணிக்கு உங்கள் வீட்டு வானொலியில் வந்தால், அது யார்? தம்பிக்கு இதையெல்லாம் தட்டி அனுப்பினேன். "ஓகே அக்கா, சும்மா ஜோக்தான்" என்றான்.

கேட்டுப் பார்க்க நினைப்பவர்களுக்கு: 'டபுள் டேக்'கில் ஆரம்பிக்காதீர்கள். முதலில் 'ஹை லைஃப்', பிறகு 1977இன் 'ஃபுல் ஹவுஸ்'. தின் லிஸியோடு பாடியதை இரவில் கேளுங்கள். குரல் எங்கே இருந்தது என்று தெரிந்தபிறகு கடைசி ஆல்பத்துக்கு வாருங்கள்.

பத்தாம் நாள் மருத்துவர் மறுபடி கேமராவை விட்டுப் பார்த்து, "மெதுவாகப் பேசலாம், கத்தக்கூடாது" என்றார். திங்கட்கிழமை நிலையத்துக்குத் திரும்பினேன். முதல் பாட்டுக்குப் படம், இசை, பாடியவர் சொல்லி, எழுதியவர் பெயரையும் சொன்னேன். கண்ணாடிக்கு அப்பால் தம்பி கடிகாரத்தைக் காட்டினான். அடுத்த பாட்டுக்கும் சொன்னேன். ஏழரை மணிக்குத் தெலுக் இந்தானிலிருந்து ஒரு பெரியவர் வாட்ஸ்அப் குரல்பதிவு அனுப்பியிருந்தார். "தங்கச்சி, குரல் கொஞ்சம் கரகரப்பா இருக்கும்மா. நல்லாத்தான் இருக்கு, அப்படியே வச்சுக்கோ."