பெட்டி கட்டுவதற்கு முன்னால்...

போன ஞாயிற்றுக்கிழமை என் தங்கை மகள் வந்திருந்தாள். இடுப்பிலே பதினாலு மாதக் குழந்தை. கொடுத்த காபி ஆறிக்கொண்டிருக்க, "பெரியம்மா, இவர் எங்களைப் பினாங்குக்குக் கூட்டிட்டுப் போறேங்கிறார்" என்று ஆரம்பித்தாள்.

"மாற்றல் ஆயிடுச்சா?"

"இல்லே. அதே கம்பெனி, அதே வேலை. கம்ப்யூட்டரை அங்கே வச்சுப் பார்க்கப் போறாராம். அதுக்குன்னே விசா தர்றாங்களாம்."

வேலை தேடி வளைகுடாவுக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறோம். வேலையைக் கையோடு எடுத்துக்கொண்டு போவது எனக்குப் புதிசு! ஆனால் அவள் சொன்னது நிஜம்தான். 2020-ல் எஸ்தோனியா, பார்படோஸ் போன்ற சின்ன நாடுகள் இதைத் துவக்கின. மலேசியா 2022 அக்டோபரில் 'டிஇ ராந்தாவ்' என்ற அனுமதியைக் கொண்டுவந்தது. மலாய் மொழியில் 'மெராந்தாவ்' என்றால் பிழைப்புக்காக ஊர் விட்டுப் போவதாம். பெயர் பொருத்தம்தான்.

கம்ப்யூட்டர் சார்ந்த வேலையாக இருந்தால் வருஷ வருமானம் 24,000 அமெரிக்க டாலருக்கு மேல் இருக்க வேண்டும். நம் பணத்தில் 20 லட்சத்துக்கு மேல். மூன்று மாதம் முதல் ஒரு வருஷம் வரை தருவார்கள். இன்னும் ஒரு வருஷம் நீட்டிக்கலாம். மனைவி, குழந்தைகளையும் சேர்க்கலாம்.

இந்தச் 'சேர்க்கலாம்' என்ற இடத்தில்தான் நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். பாஸ் கணவர் பெயரில். நீங்களும் குழந்தையும் அவரைச் சார்ந்தவர்கள், அவ்வளவுதான். அந்த ஊரில் வேலை பார்க்கும் உரிமை உங்களுக்கு இல்லை. அவருடைய பாஸ் முடிந்தால் உங்களுடையதும் முடிந்தது. என் தங்கை மகள் சாயங்காலம் கம்ப்யூட்டர் வழியாகப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறாள். "அதை அங்கிருந்து எடுக்கலாமா?" என்று கேட்டேன். விழித்தாள். மாப்பிள்ளைக்கும் அது தோன்றவே இல்லை. இதையெல்லாம் பாஸ் தருகிறவர்களிடமே எழுதிக் கேட்டு, பதிலை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஏஜெண்டு வாயால் சொன்னால் போதாது.

"டூரிஸ்டா போய்ப் பார்த்துட்டு வரலாம்ங்கிறாரே?" என்றாள். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் வந்து போக மலேசியா அனுமதித்தது வாஸ்தவம். ஆனால் அது ஊர் சுற்றிப் பார்க்க. அதை வைத்துக் குடித்தனம் போடப் பார்க்காதீர்கள்.

குழந்தை விஷயம் இன்னும் முக்கியம். இங்கே தட்டம்மை-ரூபெல்லா ஊசி முதல் தவணை 9 மாதம் முடிந்ததும் போடுகிறார்கள். இரண்டாவது 16 முதல் 24 மாதத்துக்குள். முத்தடுப்பு ஊசியின் முதல் பூஸ்டரும் அதே சமயம்தான். நாட்டுக்கு நாடு இந்த வயதுக் கணக்கு மாறும். பதினாறு மாதம் ஆனதும் இரண்டையும் போட்டுக்கொண்டு கிளம்பினால் நிம்மதி. ஊசி அட்டையின் அசலைக் கைப்பையிலே வையுங்கள், பெட்டியில் போடாதீர்கள்.

மலேசிய அரசு ஆஸ்பத்திரியில் உள்ளூர்க்காரர் ஒரு வெள்ளி (ரிங்கிட்டை அங்குள்ள தமிழர்கள் அப்படித்தான் சொல்வார்கள்) கொடுத்து டாக்டரைப் பார்த்துவிடலாம். வெளிநாட்டவருக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆகவே மருத்துவ இன்ஷூரன்ஸில் உங்கள் பெயரும் குழந்தை பெயரும் இருக்கிறதா, பிரசவச் செலவு உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கல்யாணப் பதிவுச் சான்றிதழ், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட் மூன்றிலும் பெயரின் எழுத்து ஒரே மாதிரி இருக்க வேண்டும். இனிஷியலால் அலையாத குடும்பம் நம்மிடம் உண்டா!

வரிக்கு 182 நாள் கணக்கு இரண்டு நாட்டிலும் உண்டு. அது ஆடிட்டர் வேலை, மாப்பிள்ளை பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் ஒன்று மட்டும் நானே அவரிடம் கேட்டேன்: "கம்பெனியிலே சம்மதம் எழுதி வாங்கியாச்சா?"

"அவங்களுக்கு வேலை நடந்தா சரிதானே பெரியம்மா" என்றார். வாங்கவில்லை என்று அர்த்தம்.

நேற்று அவளே போன் பண்ணினாள். கம்பெனிக்கு எழுதிப் போட்டிருக்கிறாராம், பதில் வரவில்லையாம். "ஊசி ரெண்டையும் போட்டப்புறம்தான் டிக்கெட்னு சொல்லிட்டேன் பெரியம்மா. டியூஷன் பசங்க கிட்டே இன்னும் ஒண்ணும் சொல்லலே" என்றாள்.