காட்சிக்கூடத்தில் காயும் படகுகள்

1968ஆம் ஆண்டு அட்லாண்டிக் பெருங்கடலில், கேப் வெர்டே தீவுகளுக்குத் தெற்கே, ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்ற இளைஞர் தன் பாய்மரப் படகை நிறுத்திவிட்டுத் தண்ணீருக்குள் குதித்தார். கருப்புச் சட்டையும் ஜீன்ஸும் போட்டிருந்தார். வெளுத்த உடம்பு சுறாவின் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்ற முன்யோசனை. இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகத்திலிருந்து கிளம்பிச் சில வாரங்களே ஆகியிருந்தன. அதற்குள் படகின் அடிப்பலகைகளுக்கு இடையே இணைப்பு விட்டு, தண்ணீர் உள்ளே வரத் தொடங்கிவிட்டது.

முதலில் பஞ்சுத் திரியை இடுக்கில் செருகிப் பார்த்தார். மூச்சுவிட மேலே வந்து திரும்புவதற்குள் திரி நழுவி வெளியே வந்துவிடும். படகில் ஏறி உட்கார்ந்து யோசித்தார். கித்தானில் நீளமாக ஒரு பட்டை வெட்டி, அதோடு பஞ்சைச் சேர்த்துத் தைத்து, கீல் பூசி, இடைவெளி விட்டுச் செம்பு ஆணிகளை முன்கூட்டியே குத்திவைத்துக்கொண்டார். இனி நீருக்கடியில் செய்ய வேண்டியது ஆணியை அடிப்பது மட்டும்தான். அந்தப் பட்டையின்மேல் அடிக்கச் செம்புத் தகடும் கைவசம் இருந்தது. ரேடியோ பொருத்த வந்தவர்கள் விட்டுப்போனது. நடுவில் நிஜமாகவே ஒரு சுறா வந்தது. படகில் ஏறி, துப்பாக்கியால் அதைச் சுட்டுவிட்டு, மீதி ஆணிகளை அடிக்கத் திரும்ப இறங்கினார்.

1969 ஏப்ரல் 22 அன்று அதே படகு ஃபால்மத் திரும்பியது. எங்கும் நிற்காமல், தன்னந்தனியாக உலகைச் சுற்றிவந்த முதல் மனிதர் என்ற பெயர் நாக்ஸ்-ஜான்ஸ்டனுக்குக் கிடைத்தது. அப்படிச் சுற்றிவர நடந்த போட்டியில் இறங்கிய ஒன்பது பேரில் பயணத்தை முடித்தவர் அவர் ஒருவரே. வழியில் அலை அடித்துப் படகின் அறையே பெயரப் பார்த்தது, குடிநீர்த் தொட்டி கெட்டது, ரேடியோ ஊமையானது, தானியங்கிச் சுக்கான் உடைந்தது. இவற்றில் முடிந்ததைக் கையாலேயே சரிசெய்தார், முடியாததை இல்லாமலே சமாளித்தார். சாகசப் பயணம் என்று உலகம் கொண்டாடிய அந்தப் பத்து மாதங்களை ஒரு நீண்ட பழுதுபார்ப்பு வேலை என்று சொன்னாலும் தவறில்லை.

அந்தப் படகின் பெயர் சுஹைலி. 32 அடி நீளம், தேக்கு மரம். கட்டியவர்கள் பம்பாய்த் தச்சர்கள். வாச்சி, வில்துரப்பணம், கைரம்பம் ஆகியவற்றைக் கொண்டு, 1963இல் தொடங்கி, 1920களில் வில்லியம் ஆட்கின் என்ற அமெரிக்கர் வரைந்த ஒரு வடிவத்தைத் தழுவிச் செய்தார்கள். நாக்ஸ்-ஜான்ஸ்டன் அப்போது பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனியில் அதிகாரி. அவர் பெயர் வரலாற்றில் நிலைத்தது. அந்தத் தச்சர்களின் பெயரைத் தேடினாலும் எளிதில் கிடைக்காது.

கடலில் அத்தனை அடி வாங்கியும் உடையாத சுஹைலி, கடைசியில் ஒரு கட்டடத்துக்குள் வைத்தபோதுதான் நலிந்தது. 1990களின் இறுதியில் அதைக் கொண்டுபோய் லண்டன் கிரீனிச்சிலுள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். கௌரவமான இடம், கூரை, கட்டுப்படுத்தப்பட்ட வெப்பமும் ஈரப்பதமும். ஓவியத்துக்கும் பழைய வரைபடத்துக்கும் அது உகந்த காற்று. முப்பதாண்டுக்கு மேல் உப்புநீரில் ஊறிய தேக்குப் பலகைக்கு அது விஷம். பலகைகள் சுருங்கின, இணைப்புகள் வாய்பிளந்தன. படகு கண்ணெதிரே சாவதைப் பார்த்துக்கொண்டிருக்க மனமில்லாமல் 2002இல் உரிமையாளரே அதை வெளியே எடுத்துவிட்டார்.

மரப்படகின் உடம்பு எப்படி இயங்குகிறது என்று தெரிந்தால் இதில் ஆச்சரியம் இருக்காது. பலகையும் பலகையும் சேரும் இடத்தில் பஞ்சையோ சணலையோ திணித்து, மேலே கீலோ குங்கிலியமோ பூசுவார்கள். துறைமுக ஊர்களில் கலப்பத்து என்று சொல்லும் வேலை இது. ஆனால் படகைத் தண்ணீர் புகாமல் காப்பது பஞ்சு மட்டுமல்ல. தண்ணீரில் ஊறி மரம் உப்பும். உப்பிய பலகைகள் ஒன்றையொன்று நெருக்கி, நடுவிலிருக்கும் பஞ்சை இறுக்கிப் பிடிக்கும். வெயிலில் காய்ந்து ஆடும் மாட்டுவண்டிச் சக்கரத்தைக் குளத்தில் போட்டு இறுக்குவதும் இதே கணக்கில்தான். படகை மாதக்கணக்கில் கரையில் காயவிட்டால் அந்த நெருக்கம் போய்விடும். சும்மா வைத்திருப்பது படகுக்கு ஓய்வு ஆகாது.

கரையில் வைப்பதில் இன்னொரு கேடு மழைநீர். உப்புநீரில் மரத்தை அரிக்கும் பூஞ்சை எளிதில் வளராது. நல்ல தண்ணீர் தேங்கிய மூலையில் நன்றாக வளரும். இதற்குச் சாட்சி ஜிப்ஸி மாத் 4. 1966-67இல் பிரான்சிஸ் சிச்செஸ்டர் ஒரே ஓர் இடத்தில், சிட்னியில், மட்டும் நின்று தனியாக உலகைச் சுற்றிவந்த படகு அது. 1968இல் கிரீனிச்சில் கான்கிரீட் தொட்டி ஒன்றில், கட்டி ஸார்க் என்ற பழைய பாய்மரக் கப்பலுக்குப் பக்கத்தில், வெட்டவெளியில் அதை நிறுத்தினார்கள். மக்கள் வந்து பார்த்தார்கள். மழை பெய்தது. முப்பத்தாறு ஆண்டுகள். 2004இல் ஒரு படகோட்டப் பயிற்சி அமைப்பு அதை வாங்கியபோது கொடுத்த விலை ஒரு பவுண்டும் ஒரு கோப்பை ஜின் அண்ட் டானிக்கும்.

2005இல் அதைக் கட்டிய அதே கேம்பர் அண்ட் நிக்கல்சன்ஸ் பட்டறையில் பழுதுபார்த்து, இளைஞர்களை ஏற்றி மறுபடி உலகைச் சுற்ற அனுப்பினார்கள். 2006 ஏப்ரலில், பசிபிக்கில் ரங்கிரோவா பவளத்தீவின் பாறையில் அது மோதி ஏறி நின்றது. கண்ணாடிக்குள் வைத்திருக்க வேண்டிய பொருளைக் கடலுக்கு அனுப்பினால் இப்படித்தான் ஆகும் என்ற குரல் எழுவது இயல்பு. அந்தக் குரலில் நியாயம் இல்லாமலில்லை. பாறையில் அடிபட்ட படகின் பக்கவாட்டைப் பார்த்த யாருக்கும் வயிறு கலங்கியிருக்கும். ஆனால் அதை இழுத்து மீட்டு, ஆக்லாந்துக்குக் கொண்டுபோய்த் தைத்து ஒட்டி, 2007 மே மாதம் பிளிமத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள். ஆறு நாள் பாறையில் கிடந்ததைச் சரிசெய்ய முடிந்தது. முப்பத்தாறு ஆண்டு அசையாமல் கிடந்ததுதான் அதைக் கிட்டத்தட்ட முடித்துவிட்டிருந்தது. (சிச்செஸ்டருக்கே அந்தப் படகைப் பிடிக்காது என்பது வேறு கதை. ஊர் திரும்பியபின் அதன் குறைகளை எழுதித் தீர்த்துவிட்டார்.)

அருங்காட்சியகக்காரர்களின் இன்னொரு வாதம் இதைவிடக் கனமானது. ஓட்டினால் தேயும், தேய்ந்தால் மாற்ற வேண்டும், மாற்றிக்கொண்டே போனால் கடைசியில் மிஞ்சுவது அதே படகுதானா? சுஹைலியிலேயே இந்தக் கேள்வி வந்தது. அதன் பலகைகளைப் பிணைத்திருந்தவை இரும்பு ஆணிகளும் போல்ட்டுகளும். உப்புநீரில் இரும்பு துருப்பிடித்துப் பருக்கும், சுற்றியுள்ள மரத்தைக் கெடுக்கும். ஒரு கட்டத்தில் பலகையைப் பிடித்துக்கொள்ள ஆணியே இருக்காது, துருப்பொடிதான் இருக்கும். நாக்ஸ்-ஜான்ஸ்டன் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து இரும்பைக் கழற்றி வெண்கலம் போட்டார். 1963இன் பம்பாய் ஆணிகள் போயின. தேக்குப் பலகைகள் நிலைத்தன. 2019 ஏப்ரல் 22 அன்று, ஐம்பதாவது ஆண்டு நிறைவில், எண்பது வயதில் அவர் அதே படகை அதே ஃபால்மத் துறைமுகத்துக்குள் ஓட்டிவந்தார். ஆணியையும் அப்படியே காப்பாற்றியிருக்க வேண்டும் என்று வாதிடுபவர்கள், அப்படிக் காப்பாற்றிய ஆணியோடு பலகை எங்கே இருந்திருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஹார்ட்டில்பூலில் இன்றும் மிதக்கும் டிரிங்கோமாலி கப்பல் இதற்குப் பெரிய உதாரணம். நம் திருகோணமலையின் பெயர் தாங்கிய போர்க்கப்பல். 1817இல் பம்பாயில் வாடியா குடும்பத்தாரின் பட்டறையில், மலபார் தேக்கில் உருவானது. முதலில் அனுப்பிய வரைபடங்கள் 1812இல் அமெரிக்கர்களிடம் சிக்கிய கப்பலோடு போய்விட, இன்னொரு பிரதி வரவழைத்துக் கட்டினார்கள். போர்ப்பணி முடிந்தபின் அது பயிற்சிக் கப்பலாகி, 1980கள் வரை மாணவர்களைச் சுமந்தது. இருநூறு ஆண்டு தாண்டியும் மூல மரத்தில் பாதிக்கு மேல் மிஞ்சியிருக்கிறது. மலபார் தேக்கின் புகழ் ஒருபுறம் இருக்கட்டும். அந்த நீண்ட காலத்தில் யாரேனும் அதன் தளத்தைக் கழுவிக்கொண்டும், ஒழுகும் இடத்தை அடைத்துக்கொண்டும் இருந்தார்கள். அதுவே முக்கியக் காரணம்.

மரம் இருந்தால்தானே இந்தத் தொல்லை, ஃபைபர் படகுக்கு என்ன வந்தது என்று கேட்பவர்கள் உண்டு. 1960களிலிருந்து பொழுதுபோக்குப் பாய்மரப் படகுகளில் பெரும்பாலானவை ஃபைபர்தான். அழுகாது என்ற நம்பிக்கையில் கவனிக்காமல் விட்டதால் அவற்றிலும் பல வீணாகின்றன. தளத்தில் ஒரு திருகாணியைச் சுற்றிய பசை விட்டுப்போனால் நீர் இறங்கி, உள்ளே அடைத்திருக்கும் பால்சா மரத்தைச் சேறாக்கிவிடும். பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பி வெளியே பளபளக்கும். அதன் நுனியைப் பிடிக்கும் இணைப்புக்குள் மறைவாக விரிசல் ஓடிக்கொண்டிருக்கும். மேம்போக்கான பழுதுபார்ப்பு இன்னும் ஆபத்து. 2014 மே மாதம் ஆண்டிகுவாவிலிருந்து இங்கிலாந்து திரும்பிய சீக்கி ரஃபிகி என்ற படகின் அடிக்கட்டை நடுக்கடலில் கழன்று, நான்கு பேர் உயிரிழந்தனர். முன்பு தரைதட்டிய சம்பவங்களும் அதன்பின் செய்த பழுதுபார்ப்புகளும் சேர்ந்து அதன் அமைப்பை வலுவிழக்கச் செய்திருக்கலாம் என்றது பிரிட்டிஷ் விசாரணை அறிக்கை. மேற்பூச்சுக்குச் செலவழிப்பதில் பாதியை அடியைப் பிரித்துப் பார்ப்பதில் செலவழிக்கும் உரிமையாளர் அரிது.

இந்தியாவில் இந்தப் பேச்சு இப்போது பொருத்தமானது. கோவாவில் சுஹைலியின் மறுபிரதியாகக் கட்டிய துரியா படகில் 2018இல் தனியாக உலகைச் சுற்றும் போட்டிக்குக் கிளம்பிய கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி, தென் இந்தியப் பெருங்கடல் புயலில் பாய்மரம் முறிந்து, முதுகில் அடிபட்டு, பிரெஞ்சுக் கப்பலால் மீட்கப்பட்டார். அடுத்த போட்டியில் வேறொரு படகில் போய் 2023இல் இரண்டாம் இடம் பிடித்தார். அவரைப் பற்றிய செய்திகளில் துணிச்சல் பக்கம் பக்கமாக வந்தது. கடலில் அவர் செய்த தச்சுவேலைக்கு அவ்வளவு இடம் கிடைக்கவில்லை.

2025 மே மாதம் கடற்படை கௌண்டின்யா என்ற கப்பலைச் சேர்த்துக்கொண்டது. அஜந்தா ஓவியத்தைப் பார்த்து, ஆணியில்லாமல் தேங்காய்நார்க் கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டியது. கைவேலை கேரளத்துக் கலைஞர்களுடையது. பெருமைப்பட வேண்டிய முயற்சி. ஆனால் நார்க்கயிறு தேயும். சென்னைக் கடற்கரையில் துறைமுகம் வருவதற்கு முன் அலையைக் கடந்து ஆளும் சரக்கும் ஏற்றிய மசூலாப் படகுகளும் தைத்தவைதான்; அவற்றைக் காலாகாலத்தில் பிரித்து மறுபடி தைத்தார்கள், அதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். தூத்துக்குடித் தோணியில் பாய் இறங்கி எஞ்சின் ஏறியபின், பாயும் பருமலும் தெரிந்த தலைமுறை மறைந்துகொண்டிருக்கிறது.

குஜராத்தின் லோத்தலில் பெரிய கடல்சார் பாரம்பரிய வளாகம் எழும்புகிறது. அங்கே அரங்குகளுக்கும் மாதிரிகளுக்கும் நிதி ஒதுக்குவது எளிது. திறப்பு விழாவுக்கும் அவை உதவும். அதே திட்டத்தில் படகை இழுத்து ஏற்ற ஒரு சரிவு, மரம் உலர்த்த ஒரு கொட்டகை, நிரந்தரச் சம்பளத்தில் நாலு தச்சர்கள், அவர்களிடம் வேலை பழகப் பத்துப் பிள்ளைகள், ஆண்டுக்கொரு முறை படகைக் கரையேற்றி அடியைச் சுரண்டிப் பார்க்க ஒரு தொகை என்று எழுதிச் சேர்க்க வேண்டும். கௌண்டின்யாவின் தையலை அடுத்த முறை பிரிக்கும்போது யார் தைப்பார்கள் என்பதற்கு இப்போதே பெயர்ப்பட்டியல் தயாராக இருக்க வேண்டும்.