விசாவுக்குத் தேங்காய் உடைக்கிறோம், வீட்டுக் கணக்கை யார் பார்ப்பது?

பதிவு கொஞ்சம் நீளம். சில பேருக்குக் கோபம்கூட வரலாம். முழுசா படிச்சிட்டுத் திட்டுங்க, வாங்கிக்கிறோம்.

குடும்பத்தோட வெளிநாட்டுக்குக் குடிபெயர்கிறவர்களைப் பற்றித்தான் இந்தப் பதிவு. குறிப்பா ஆஸ்திரேலியா. நம்ம ஆலயத்துக்கு வரும் குடும்பங்களில் நிறைய பேர் அங்கேதான் போறாங்க. விசா கிடைக்கணும்னு பிள்ளையாருக்கு 108 தேங்காய் உடைக்கிறாங்க, சந்தோஷம். கிடைச்சதும் அன்னதான உபயம் எடுக்கிறாங்க, அதுவும் சந்தோஷம். ஆனா கிளம்புறதுக்கு முதல் நாள் தொண்டர்களிடம் வந்து, "அம்மா தனியா இருக்காங்க, கொஞ்சம் பார்த்துக்குங்க" என்று ஒரு வரி சொல்லி, ஒரு போன் நம்பரைக் கொடுத்துட்டுப் போறாங்களே, அதைப் பற்றித்தான் கேட்க வந்திருக்கோம். அந்த ஒரு வரிதான் ஏற்பாடா?

ஒன்றை முதலிலேயே சொல்லிடுறோம். போறது தப்புன்னு நாங்க சொல்லல. "நாட்டை விட்டு ஓடுறான்", "பெத்தவங்களை அம்போன்னு விட்டுட்டான்" என்று மண்டபத்தில் உட்கார்ந்து பேசுபவர்களோடு எங்களுக்கு உடன்பாடு கிடையாது. நாம யாரு? ரஜூலா மாதிரி கப்பல்களில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு வந்து இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள். கடல் கடப்பது பாவம்னா நம்மில் பாதிப் பேர் இந்தச் சந்நிதியில் நிற்கவே முடியாது. பிள்ளைகளின் படிப்பு, வேலையில் முன்னேற்றம், சம்பளம் என்று காரணம் அவரவருக்குத் தெரியும்.

ஆனா அந்தக் கப்பல் கதையில் இன்னொரு பாதியும் இருக்கு. ஊரில் விட்டு வந்த தாய்க்கு மணியார்டர் போச்சு, கடிதம் போச்சு. பல வீடுகளில் மகன் மட்டும் திரும்பிப் போகவே இல்லை. அம்மா இறந்த சேதி, காரியமெல்லாம் முடிஞ்ச பிறகுதான் தோட்டத்து லயத்துக்கு வந்து சேரும். அன்னிக்கு அவங்களுக்கு வேற வழி இல்லை. இன்னிக்கு நமக்கு வழி இருக்கு. இருந்தும் செய்யாமப் போறதைத்தான் நாங்க கேள்வி கேட்கிறோம்.

பேசிப் பார்த்தா எல்லாரும் சொல்லும் முதல் பதில், "செட்டில் ஆனதும் அம்மா அப்பாவைக் கூட்டிக்கிறோம்." சரி, கணக்கைப் பார்ப்போம். ஆஸ்திரேலியாவில் பெற்றோருக்கான நிரந்தர விசாவில், பணம் அதிகம் கட்டும் பிரிவுக்கு ஒருவருக்கே 40,000 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் ஆகும். அம்மா, அப்பா இரண்டு பேருன்னா இரட்டிப்பு. அவ்வளவு கட்டினாலும் இன்னிக்கு மனு போட்டா பத்து வருஷத்துக்கு மேல் காத்திருக்கணும். பணம் குறைவான பிரிவில் காத்திருப்பு ஏறக்குறைய முப்பது வருஷம். 68 வயசு அம்மாவுக்கு முப்பது வருஷத்தைக் கூட்டிப் பாருங்க. அதோட பிள்ளைகளின் எண்ணிக்கையும் பார்ப்பாங்க. மூணு பிள்ளையில் ஒருத்தர் அங்கே, இரண்டு பேர் இங்கே என்றால் அந்தச் சோதனையில் தேற முடியாது. தற்காலிகப் பெற்றோர் விசா ஒன்று இருக்கு. மூணு அல்லது ஐந்து வருஷத்துக்குக் கொடுப்பாங்க, மொத்தம் பத்து வருஷத்துக்கு மேல் கிடையாது. மருத்துவக் காப்புறுதி நம்ம செலவில் எடுக்கணும். வயசானவங்களுக்கு அது லேசான காசு இல்லை.

இதெல்லாம் ரகசியம் இல்லை. அந்நாட்டுக் குடிநுழைவுத் துறையின் பக்கத்திலேயே போட்டிருக்கு. கிளம்புற முன்னாடி எத்தனை பேர் அதைப் படிச்சீங்க? உங்க விசாவுக்கு எத்தனை புள்ளி, ஆங்கிலத் தேர்வில் எத்தனை மதிப்பெண், 45 வயசுக்குள் அழைப்பு வருமா என்பதெல்லாம் விரல் நுனியில் இருக்கு. அம்மாவின் விசாவைப் பற்றி மட்டும் "பார்த்துக்கலாம்."

இரண்டாவது பதில், "அடிக்கடி வந்து பார்த்துக்குவோம்." மெல்பர்னிலிருந்து கோலாலம்பூருக்கு எட்டு மணி நேரப் பயணம், டிக்கெட்டைத் தட்டினா வந்துடலாம்னு நினைக்கிறீங்க. அங்கே போய் இறங்கியவங்களைக் கேளுங்க. வாடகை வாரக் கணக்கு. வீடு எடுக்க நாலு வார வாடகையை முன்பணமா வைக்கச் சொல்றது சாதாரணம். அங்கே முன்னாடி வாடகைக்கு இருந்த சான்று இல்லாதவங்களுக்கு வீடு கிடைக்கிறதே சிரமம். இங்கே பதினைந்து வருஷம் தாதியா வேலை செஞ்சவங்களா இருந்தாலும் அங்கே பதிவு வாங்காம வார்டுக்குள் நிற்க முடியாது. இங்கே கைதேர்ந்த வயர்மேனா இருந்தாலும் அங்குள்ள உரிமம் இல்லாம ஒரு பிளக் பாயிண்டைக்கூட மாட்ட முடியாது. அதனால பலர் முதல் ஒரு வருஷம், இரண்டு வருஷம் கிடங்கிலோ முதியோர் இல்லத்திலோ ஷிப்ட் வேலை பார்க்கிறாங்க. அந்த வேலை கேவலம் இல்லை. ஆனா இங்கே வாங்கின சம்பளக் கணக்கை வச்சு அங்கே போகாதீங்க.

பி.ஆர். கிடைச்சாலும் அரசாங்க உதவித்தொகைகளில் பலவற்றுக்கு நாலு வருஷம் வரை காத்திருக்கணும். தற்காலிக வேலை விசாவில் போறவங்களுக்கு மலேசியர் என்பதால் அங்கே மெடிகேர் கிடையாது, காப்புறுதி எடுக்கணும். சில மாநிலங்களில் அரசாங்கப் பள்ளிக்கூடத்துக்கே கட்டணம் கட்டணும். இங்கே பாட்டி பார்த்துக்கிட்ட சின்னக் குழந்தையை அங்கே காப்பகத்தில் விட்டா, கணவன் மனைவி இரண்டு பேரில் ஒருத்தர் சம்பளத்தில் பெரும்பகுதி அதுக்கே போயிடும். இந்த நிலையில் "அடிக்கடி வருவோம்" என்பது எப்படி நடக்கும்? மனசு இருக்கு, இல்லைன்னு சொல்லல. லீவும் காசும் இருக்காது.

இப்ப நடந்த ஒன்றைச் சொல்றோம். பேர், தாமான் எதுவும் சொல்ல மாட்டோம். எழுபது வயசைத் தாண்டின ஓர் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துட்டாங்க. இடுப்பு எலும்பு முறிவு. பக்கத்து வீட்டுக்காரர் ஆலயத்துக்குப் போன் போட்டார். எங்களில் இரண்டு பேர் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். கவுண்டரில் முதல் கேள்வி, "வாரிஸ் யார்?" மகன் ஆஸ்திரேலியாவில் ஷிப்டில் இருக்கார், போன் லாக்கரில். அறுவை சிகிச்சைக்கு எலும்பில் வைக்கும் கருவிக்குப் பணம் கட்டணும். அம்மா கணக்கில் பணம் இருக்கு. ஆனா அந்தக் கணக்கின் டேக் நம்பர் போய்ச் சேருவது மகன் இங்கே இருந்தப்ப வச்சிருந்த பழைய எண்ணுக்கு. அந்த எண் டாப் அப் பண்ணாம எப்பவோ செத்துப் போச்சு. அம்மா வலியில் முனகிக்கிட்டே, "என் காசு இருக்குப்பா, என் காசுலயே கட்டுங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னாங்க. நாங்க ஆளாளுக்குப் போட்டுத்தான் கட்டினோம்.

மகன் நாலாம் நாள் வந்து சேர்ந்தார். அழுதார். ஒரு காசு மிச்சம் வைக்காம அன்னிக்கே திருப்பிக் கொடுத்தார். நல்ல பிள்ளை. அதுதான் எங்களுக்கு வருத்தம். பெத்தவங்களைத் தூக்கிப் போடுற பிள்ளைகளுக்காக இதை எழுதல, அவங்க படிக்கவும் மாட்டாங்க. பாசம் இருந்தும் பத்திரத்தைப் பார்க்காமப் போற நல்ல பிள்ளைகளுக்காகத்தான் எழுதுறோம்.

"பணம் அனுப்புறோமே, ஆலயத்துக்கும் நன்கொடை தர்றோமே" என்பது மூணாவது பதில். நன்றி. ஆனா எங்களில் ஒருத்தர் லோரி ஓட்டுறார், ஒருத்தர் இரவு வேலை பாதுகாவலர், ஒருத்தருக்கு மூணு சின்னப் பிள்ளைங்க. மாலை கட்டுவோம், பந்தி பரிமாறுவோம், வெள்ளிக்கிழமை பாட்டியை வேனில் ஏத்தி வந்து இறக்குவோம். ஆஸ்பத்திரிப் பாரத்தில் கையெழுத்துப் போட எங்களுக்கு உரிமை கிடையாது. வங்கியில் நிற்க உரிமை கிடையாது. கொள்ளி வைக்கவும் உரிமை கிடையாது. உங்க இடத்தில் எங்களை நிறுத்திட்டுப் போக உபயம் ஒரு வழி இல்லை.

அடுத்தது இ.பி.எப். "அதை எடுத்துத்தான் அங்கே வீட்டுக்கு முன்பணம்" என்று பலர் திட்டம் போட்டிருக்காங்க. நாட்டை விட்டுப் போவதைக் காரணம் காட்டி மொத்தப் பணத்தையும் எடுக்கணும்னா மலேசியக் குடியுரிமையைக் கைவிட்டிருக்கணும். பி.ஆர். மட்டும் வாங்கினவங்களுக்கு அந்த வழி கிடையாது. நம்ம நாட்டில் இரட்டைக் குடியுரிமையும் இல்லை. அங்கே பிரஜை ஆனா இங்கே இல்லை. நீல ஐசியைக் கொடுத்த பிறகு ஊருக்கு வந்தா வருகையாளர்தான். ஒரு ரிங்கிட்டுக்கு அரசாங்க கிளினிக்கில் மருந்து வாங்கின காலம் முடிஞ்சுது. அம்மா படுத்த படுக்கையாகி ஒரு வருஷம் கூட இருக்கணும்னாலும் விசா கேட்டுத்தான் இருக்கணும். கொடுக்காதீங்கன்னு சொல்லல, இதையெல்லாம் தெரிஞ்சு கொடுங்க.

சரி, என்னதான் செய்யச் சொல்றீங்க என்று கேட்பீங்க. தேங்காய் உடைக்கிறதுக்கு முன்னாடி இந்த ஐந்தையும் முடிங்க.

ஒன்று, இங்கே ஒரு வாரிஸ். தம்பியோ, அக்கா மகனோ, சித்தப்பாவோ, கூப்பிட்டா ஒரு மணி நேரத்தில் வந்து நிற்கக்கூடிய ஒருத்தர். அவர் வாயால் "சரி" என்று சொல்லியிருக்கணும். நீங்களா நினைச்சுக்கிட்டா போதாது. அவருக்கு பெட்ரோல் காசு, போக்குவரத்துச் செலவு மாசாமாசம் கொடுங்க. சொந்தக்காரர்தானே என்று விட்டுடாதீங்க.

இரண்டு, வங்கி. அந்த நபரையும் சேர்த்து ஒரு ஜாயின்ட் அக்கவுண்ட். அதில் மூணு மாசச் செலவும் ஆஸ்பத்திரிக்கு ஒரு தொகையும் எப்பவும் இருக்கணும். வங்கியில் பதிவு செஞ்சிருக்கும் போன் நம்பர் இங்கே உயிரோட இருக்கும் எண்ணா இருக்கணும்.

மூணு, பத்திரம். "பவர் ஆஃப் அட்டர்னி எழுதிட்டோம்" என்று நிம்மதியா இருக்காதீங்க. கொடுத்தவருக்கு நினைவு தப்பிப் போச்சுன்னா சாதாரண பவர் ஆஃப் அட்டர்னி செல்லாது. சிங்கப்பூரில் அந்த நிலைக்கென்றே எல்.பி.ஏ. என்ற பத்திரம் இருக்கு. இங்கே அப்படி இல்லை, நீதிமன்றம் போய்த்தான் உத்தரவு வாங்கணும். அதனால அம்மா அப்பா தெளிவா இருக்கும்போதே ஒரு வழக்கறிஞரிடம் உட்கார்ந்து உயில், வீட்டு கிராண்ட், இ.பி.எப். பெனாமா எல்லாத்தையும் சரி பண்ணுங்க. உயில் பேசினா சாவைக் கூப்பிடுற மாதிரி என்று சொல்ற பழக்கத்தை விடுங்க.

நாலு, உடம்பு. என்ன மருந்து, எந்த கிளினிக், எப்ப அப்பாயின்மென்ட், எதுக்கு ஒவ்வாமை என்பதை ஒரு தாளில் எழுதி குளிர்சாதனப் பெட்டி மேல் ஒட்டுங்க. குளியலறையில் கைப்பிடி பொருத்துங்க. கைப்பிடிக்கு ஆகும் செலவு உங்க 108 தேங்காயை விடக் குறைவு.

ஐந்து, கடைசிக் காரியம். கேட்க சங்கடமா இருக்கும், கேட்டுத்தான் ஆகணும். நீங்க வர முடியலன்னா யார் கொள்ளி வைப்பது? உங்களுக்காக எத்தனை நாள் காத்திருப்பது? தகனமா, அடக்கமா? இதை அம்மாவிடமே கேளுங்க. எங்களுக்குத் தெரிஞ்ச பெரியவங்க பல பேர் இதைப் பேசத் தயாரா இருக்காங்க. பிள்ளைகள்தான் பேச்சை மாத்துறாங்க.

பெரியவங்களுக்கும் ஒரு வார்த்தை. "நீ போப்பா, நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லி அனுப்புறீங்க. அது உங்க பெரிய மனசு. ஆனா அவன் தூங்கட்டும் என்று மயக்கம் வந்ததை மறைக்காதீங்க, மாத்திரை தீர்ந்ததை மறைக்காதீங்க. பிரகாரத்தில் உட்கார்ந்து எங்களிடம் சொல்வதை மகனிடம் சொல்லுங்க.

கடைசியா ஆலய நிர்வாகத்துக்கு எங்கள் கோரிக்கை. குடிநுழைவு முகவர்கள் மண்டபத்தில் இலவச விளக்கக் கூட்டம் நடத்தக் கேட்டு வர்றாங்க. அவங்க காட்டும் படத்தில் கடற்கரை இருக்கு, பள்ளிக்கூடம் இருக்கு, சிட்னியிலும் மெல்பர்னிலும் உள்ள நம்ம கோயில்கள்கூட இருக்கு. பாட்டி மட்டும் இல்லை. மண்டபம் கொடுக்கிறதா இருந்தா ஒரு நிபந்தனை போடுங்க. பெற்றோர் விசா, இ.பி.எப்., குடியுரிமை, முதல் இரண்டு வருஷச் செலவு, இந்த நாலையும் மேடையில் பேசணும். பேச மாட்டேன் என்பவருக்கு வாசலைக் காட்டுங்க.

போறவங்க நல்லபடியா போங்க. உங்க பிள்ளைங்க நல்லா படிக்கட்டும். தைப்பூசத்துக்கு லீவு கிடைச்சா வாங்க, காவடிக்குத் தோள் கொடுக்க நாங்க இருக்கோம். மேலே சொன்ன ஐந்தையும் ஒரு தாளில் அச்சடித்து அர்ச்சனைச் சீட்டு கவுண்டரில் வைக்கிறோம். எடுத்துக்கிட்டுப் போய் அம்மா அப்பா பக்கத்தில் உட்கார்ந்து நிரப்புங்க. நிரப்பின தாளின் நகல் ஒன்றை எங்களிடம் கொடுத்தா, அடுத்த முறை ஆஸ்பத்திரி கவுண்டரில் "வாரிஸ் யார்?" என்று கேட்கும்போது எங்களுக்கும் சொல்ல ஒரு பேர் இருக்கும்.

அன்புடன்,
ஆலயத் தொண்டர்கள்