கணிப்பொறிப் பிரிவும் காரியத்தின் போக்கும்

சித்தூர் மாவட்டத்துப் புத்தலப்பட்டில் ஒரு மாணவனுக்கு வருமானச் சான்றிதழ் தேவைப்படுகிறது எனக் கொள்வோம். மனு பதிவாகிறது, கிராம வருவாய் அலுவலர் விசாரிக்கிறார், வருவாய் ஆய்வாளர் சரிபார்க்கிறார், தாசில்தார் ஒப்பமிடுகிறார். இடையில் மனு நின்றுவிட்டால் யாரைக் கேட்பது? கணிப்பொறிப் பிரிவில் ஒருவர் இயந்திரங்களையும், மற்றொருவர் தகவல் தொடர்பையும், வேறொருவர் மென்பொருளையும் கவனிப்பர். அவரவர் பங்கு பழுதின்றி நடக்கும். மனு மட்டும் நகராது. உதவித்தொகைக்குரிய கடைசி நாளோ அதற்காகக் காத்திராது.

ஆகவே, கணிப்பொறிப் பிரிவைக் கருவிகளின்படி வகுப்பதைவிட, நடைபெற வேண்டிய காரியத்தின் போக்கின்படி வகுப்பதே பொருத்தமாகும்.

அமெரிக்க அறிஞர் மைக்கேல் ஹாமர் 1990-இல் இதற்கொரு சான்று காட்டினார். ஃபோர்டு மோட்டார் கம்பெனியின் பட்டுவாடாப் பிரிவில் 500 பேருக்கு மேல் பணியாற்றினர். பழைய முறைக்கே கணிப்பொறியைப் பூட்டியிருந்தால் ஏறத்தாழ 400 பேர் தேவைப்பட்டிருப்பர். விலைப்பட்டிக்குக் காத்திராமல், சரக்கு வந்து சேர்ந்ததும் பணம் செலுத்துவது என்று முறையையே மாற்றியதால் 125 பேர் போதுமாயினர்.

நம் பக்கத்திலும் உதாரணம் உண்டு. 2011 நவம்பரில் சித்தூர் மாவட்டத்தில் தொடங்கிவைக்கப்பட்ட மீசேவா திட்டம், சேவைகளை இலாகாவாரியாக மட்டும் அடுக்கவில்லை. பதிவேட்டிலிருந்து உடனே தரக்கூடியவை ஒரு வகை. நேரில் விசாரித்துத் தரவேண்டியவை மற்றொரு வகை என்று பிரித்தது. இப்பிரிவினை வேலையின் தன்மையிலிருந்து பிறந்தது. 2019 அக்டோபர் 2-இல் ஆந்திரத்தில் தொடங்கப்பட்ட கிராமச் செயலகங்களில், வேளாண்மை, நலத்துறை ஊழியர்களுடன் டிஜிட்டல் உதவியாளரும் ஒரே கூரையின்கீழ் அமர்த்தப்பட்டார். இதுவும் அத்திசையில் ஓர் அடியே.

தரவுப் பாதுகாப்புக்கும் பெரிய இயந்திரங்களின் பராமரிப்புக்கும் நிபுணர் குழு தனியே வேண்டாவா எனச் சிலர் வினவலாம். வேண்டும், அது பொதுவாக நிலைபெறட்டும். ஆனால் சான்றிதழ், உதவித்தொகை, பட்டா மாற்றம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தொடக்கம் முதல் முடிவு வரை பொறுப்பேற்கும் ஒருவர் அப்பிரிவில் இருத்தல் இன்றியமையாதது.

மனு எங்கெங்கே எத்தனை நாள் தங்குகிறது என்பதை நன்கறிந்தோர் களப்பணியாளரும் ஆசிரியருமே. அக்கணக்கை அவர்கள் குறித்துத் தருவார்களாயின், சீர்திருத்தத்தின் முதற்பாதி முடிந்தது எனலாம்.